பூம்பாவைக்குப் பாடிய நாள்காட்டி



தேவார வகுப்பில் பிள்ளைகளிடம் "தைப்பூசம் எப்போ?" என்று கேட்டால் கைப்பேசியைத் தேடுவார்கள். "ஏன் வருஷா வருஷம் தேதி மாறுது?" என்றால் பேச்சே இருக்காது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் விடியற்காலைப் பனியே மார்கழியைச் சொல்லிவிடும். மலேசியாவிலோ பன்னிரண்டு மாதமும் வெயில், சாயங்காலமானால் மழை. வானத்தைப் பார்த்து மாதம் சொல்ல இங்கே வழியில்லை. அதனால் நான் பாட்டைப் பிடித்துக்கொண்டேன்.

கிழமைக்குக் கோளறு பதிகம் போதும். முதல் பாட்டிலேயே ஞாயிறு முதல் சனி வரை வரிசையாக வந்துவிடும், பின்னாலேயே இராகு கேதுவும். தாளம் போட்டுப் பாடினால் சின்னப் பிள்ளைக்கும் பிடிபடும்.

மாதத்துக்கு, திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம். பாம்பு தீண்டி இறந்த பெண்ணின் எலும்பும் சாம்பலும் ஒரு குடத்தில் இருக்கின்றன. சம்பந்தர் அதன் முன் நின்று என்ன பாடினார் தெரியுமா? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அந்த ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். இதையெல்லாம் பார்க்காமலா போகப் போகிறாய் என்று அவளையே கேட்டார். குடம் உடைந்து பெண் எழுந்தாள் என்கிறது பெரியபுராணம்.

"திருவிழா பார்க்கவா அக்கா திரும்பி வந்தாங்க?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். அதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை.

மாதப் பெயர்களை ஆங்கில மெட்டில் போட்டுப் பாடவைக்கும் காணொளிகள் உண்டு. பெயர் வரும், அந்த மாதம் எப்போது வரும் என்ற ஏக்கம் வராது. எனக்கு வேண்டியது அந்த ஏக்கம்தான்.

ஏக்கம் வந்த பிறகு கணக்கைச் சொன்னால் காது கொடுப்பார்கள். பூசம் ஒரு நட்சத்திரம். நிலா ஏறக்குறைய நாளுக்கு ஒன்றாக 27 நட்சத்திரங்களைக் கடக்கிறது. ஆகவே பூசம் மாதாமாதம் வரும். தை மாதத்துப் பூசம்தான் பௌர்ணமியை ஒட்டி வரும். நிலாவின் நடை ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. அதனால்தான் தைப்பூசம் ஒரு வருஷம் ஜனவரி, இன்னொரு வருஷம் பிப்ரவரி.

நாழிகையையும் இப்படியே பழக்கலாம். ஒரு நாழிகை 24 நிமிடம். 60 நாழிகை ஒரு நாள். பதிகத்தின் 11 பாட்டையும் நிதானமாகப் பாடி, எத்தனை நாழிகை ஆகிறது என்று பிள்ளைகளே அளக்கட்டும்.

தைப்பூசம் வருவது ஐந்தாம் பாட்டில். முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள். பத்துமலைக்கு நடக்கும்போது பாடிக்கொண்டே வருவார்கள்.