பிரணய கலகமும் பிணக்குத் தீரும் நெறியும்

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்குத் தீர்த்தவாரி கண்டருள எழுந்தருளுகிறார். மீனவப் பெருமக்கள் அவரைத் தங்கள் குலத்துப் பத்மினி நாச்சியாரை மணந்த மாப்பிள்ளையாகவே கொண்டாடி எதிர்கொள்வதை வரிச்சிக்குடி முதலான காரைக்கால் வட்டாரத்து ஊரார் நன்கு அறிவர். பகவானையே உறவினனாகக் கொள்ளும் சம்பிரதாயம் இது. உறவு உள்ள இடத்தில் உரிமை உண்டு. உரிமை உள்ள இடத்தில் பிணக்கும் உண்டு. அப்பிணக்கு உறவை அழிக்குமா, வளர்க்குமா என்பதே ஈண்டு சிந்திக்கத்தக்கது.

இவ்வினாவிற்குத் திருவரங்கத்துப் பங்குனி உற்சவம் விடை பகர்கின்றது. பங்குனி ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி, கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டருளுகிறார். பின்னர் உத்திரத்தன்று ஸ்ரீரங்கநாச்சியார் சந்நிதிக்கு வருங்கால், பிராட்டி ஊடல் கொண்டு கதவை அடைக்கிறாள். பெருமாள் முன்னே வருவதும், பூவும் பழமும் வெண்ணெயும் வீசப்படப் பின்னே செல்வதுமாக மட்டையடி நிகழ்கின்றது. இருதரப்பு வார்த்தைகளும் அனைவரும் கேட்க வாசிக்கப்படுகின்றன. இறுதியில் நம்மாழ்வார் நடுநின்று சமாதானம் செய்ய, கதவு திறக்கின்றது.

ஒரு குறையுமில்லாத பரம்பொருளுக்குக் கலகம் ஏது? திருமார்பை விட்டு நீங்காத பிராட்டிக்குப் பிணக்கு ஏது? அவர்களுக்கு வேண்டுவது ஒன்றுமில்லை. இல்லறத்திலும் ஊரிலும் பிணங்கி நிற்கும் நமக்கு வழிகாட்டவே இந்த லீலை.

இதில் முதலாவதாக உணரத்தக்கது, கதவடைப்பு உறவின் முறிவு அன்று என்பது. அயலான் வந்தால் யாரும் ஊடிக் கதவை அடைப்பதில்லை. மனக்குறையை வாய்விட்டுச் சொல்லுமளவும் உறவு உயிரோடிருக்கின்றது. சொல்லவும் விரும்பாத மௌனமே அதன் முடிவு. இரண்டாவது, பெருமாள் தம் ஈச்வரத்துவத்தைக் காட்டி வழக்கை முடிப்பதில்லை. வெளியே நிற்கிறார், மீண்டும் மீண்டும் வருகிறார். குறை கூறப்பட்டவன் காத்திருக்க வேண்டுமேயன்றி, மனம் நொந்தவரை விரைந்து பொறுக்குமாறு வற்புறுத்தலாகாது. மூன்றாவது, நடுநிற்பவர் இருவர்க்கும் இனியவராயிருத்தல். ஆழ்வார் ஒருவரை வெல்லவும் ஒருவரைத் தோற்கவும் செய்வதில்லை. இருவரையும் சேர்த்து வைக்கிறார்.

ஆயினும் தூது மட்டும் போதாது. கண்ணபிரானே பாண்டவர்க்காகத் தூது நடந்தான். ஐந்து ஊர்களேனும் போதும் என்றபோதும் துரியோதனன் ஊசிமுனை நிலமும் தர இசையவில்லை. நடுநின்றவன் பகவானே ஆயினும், கேளாத செவிக்கு முன் சமாதானம் பலிக்கவில்லை. அங்கே எதிரே இருந்தவன் அன்பால் ஊடியவன் அல்லன். பிறர் உரிமையைப் பறித்தவன். அத்தகைய அநீதியையும் ஊடலையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது.

நம் சம்பிரதாயத்தாரும் இதை எண்ணி நாணத்தக்க இடம் ஒன்றுண்டு. வடகலை, தென்கலை என்னும் இரு கலையாரும் போற்றுவது ஒரே இராமாநுசரை. ஓதுவது ஒரே திவ்யப் பிரபந்தத்தை. அங்ஙனமிருந்தும், கோயிலில் சேவிக்கும் முறை பற்றிய காஞ்சிபுரத்துப் பூசல்கள் ஆங்கிலேயர் ஆட்சிக் காலம் தொட்டு நீதிமன்றங்களில் ஏறின. தீர்ப்பு உரிமை இன்னதென வரையறுக்கும். மனத்தை மனத்தோடு சேர்க்க அதற்கு இயலாது.

வரப்பிற்கும் வாய்க்கால் நீருக்கும் வழக்காடி, ஆண்டுக்கணக்கில் பேச்சற்றிருக்கும் சகோதரர் எவ்வூரில் இல்லை? தாய் வீட்டுப் படி மிதியாத பெண் எக்குடியில் இல்லை? அவர்களுள் ஒருவர் முதலில் வாயிலண்டை சென்று நிற்றல் தாழ்வாகுமோ? அரங்கனுக்கே அது தாழ்வாகவில்லை.

ஊடல் தீர்ந்த அந்த உத்திரச் சேர்த்தியில்தான் எம்பெருமானார் திவ்யதம்பதிகளின் திருமுன்பே சரணாகதி செய்து கத்யத்தை விண்ணப்பித்தார் என்பது பெரியோர் வாக்கு. இன்றும் அச்சேர்த்தியில் கத்யத்ரயம் சேவிக்கப்படுகின்றது. இருவரிடை தீர்ந்த ஒரு பிணக்கு, உலகனைத்திற்கும் சரணாகதி வாயிலாயிற்று. அவ்வாறே ஒரு வீட்டில் தீரும் பிணக்கின் பயனை அவ்வீட்டுக் குழந்தைகளும் துய்ப்பர்.

உற்சவம் சேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், அடைத்துக் கிடக்கும் கதவு ஒன்றின் முன்னேனும் சென்று நிற்பார்களாக. அக்கதவு திறக்கத் திவ்யதம்பதிகள் அருள்புரிவார்களாக.