சாமியின் புல் யாருக்கு?

ஜெய்சல்மேர் பக்கம் ஆண்டு முழுக்கப் பெய்கிற மழை 200 மில்லிமீட்டர் அளவில்தான். அந்த மணலிலும் சேவண் புல் இடுப்புயரம் வளர்கிறது. கோடையில் பார்த்தால் தேய்ந்த துடைப்பக்கட்டை மாதிரி நிற்கும். உயிர் அடித்தூரில் பதுங்கியிருக்கும். மழை விழுந்த சில நாளில் பச்சை கட்டிவிடும். மாடு நுனியை மேய்ந்தால் கேடில்லை, புதுச் சிம்பு வெடிக்கும். தூரையே திரும்பத் திரும்பக் கரண்டினாலோ, டிராக்டர் விட்டு உழுதாலோதான் கதை முடியும்.

பசித்த மாட்டைக் கையில் பிடித்திருப்பவர் எதற்காகத் தூரை மிச்சம் வைக்க வேண்டும்?

மேற்கு ராஜஸ்தான் கிராமங்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தன: நிலம் சாமியுடையது. ஏதாவதொரு மாதாவுக்கோ நாட்டார் வீரனுக்கோ நேர்ந்துவிட்ட அந்த நிலத்துக்கு ஓரண் என்று பெயர். உள்ளே கோடரி போகக் கூடாது, ஏர் பூட்டக் கூடாது. ஆடு, மாடு, ஒட்டகம் மேயலாம்.

காங்கேயத்துக் கொறங்காட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். அவருடைய கொழுக்கட்டைப் புல்லைக் காப்பது முள்கிளுவை வேலி. கொறங்காடு என்பது வேலி போட்ட சொந்த மேய்ச்சல் காடு, ஒன்றில் மேய்ந்து தீர்ந்ததும் மாடுகளை அடுத்ததற்கு மாற்றிவிடுவார். புல்லும் பிழைத்துக்கொள்கிறது. அப்படியானால் வேலி போதாதா, தெய்வம் எதற்கு?

வேலி, நிலத்துக்காரர் மாட்டுக்காகப் புல்லைக் காக்கிறது. காணி நிலமில்லாதவரின் நாலு ஆடுகள் வேலிக்கு வெளியேதான். ஓரணில் அந்த நாலு ஆட்டுக்கும் வாய் வைக்க இடமுண்டு. ஊரில் எவரும் தன்னுடையது என்று சொல்ல முடியாதபடி நிலத்தைச் சாமி பெயரில் ஒதுக்கியதுதான் இந்த பக்தியின் சூட்சுமம். சாமி இருக்கிறாரா என்ற வாதத்தைவிட இது சுவாரசியமானது.

வம்பும் அங்கேயே தொடங்குகிறது. கோயில் மூர்த்தி சொத்து வைத்திருக்கலாம் என்கிறது இந்தியச் சட்டம். ஆனால் பல ஓரண்கள் வருவாய்த்துறை ஏட்டில் வெறும் அரசுத் தரிசு. சாமி நிலம், காகிதத்தில் யாருடையதும் அல்லாத நிலம். ஜெய்சல்மேர் மாவட்டத்து தேக்ராய் மாதா ஓரணுக்குள் உயரழுத்த மின்கம்பிகள் ஓடுகின்றன.

2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் ஓரண் போன்ற புனிதக் காடுகளை அடையாளம் கண்டு வனமாக அறிவிக்கச் சொன்னது. மேய்ப்பர்களுக்கு இதில் பாதி நிம்மதி, பாதி பயம். நாளைக்கு வனத்துறை மந்தையை உள்ளே விடுமா? அறிவிப்பு எழுதுகிறவர்கள் மேய்ச்சல் உரிமையையும் அதிலேயே எழுதிவிட வேண்டும்.