கடவுளைக் குறிக்கும் சொல் யாருடையது?

ஐரோப்பிய மொழிகள் கடவுளைக் குறிக்க வழங்கும் சொற்கள் ஒரே வேரிலிருந்து முளைத்தவை அல்ல. இலத்தீன் 'தேயுஸ்', பிரெஞ்சு 'தியூ' இரண்டும் ஒளிரும் வானத்தைச் சுட்டிய வேரில் பிறந்து வடமொழித் 'தேவ'னுக்கு உடன்பிறந்தவையாக நிற்க, ஓசையில் அவற்றை ஒத்த கிரேக்க 'தெயோஸ்' வேறு குடியைச் சேர்ந்தது. ரஷ்ய 'போக்', பங்கையும் செல்வத்தையும் குறித்த 'பக' என்னும் சொல்லுக்கு, அதாவது 'பகவான்' என்பதன் முதற்பகுதிக்கு உறவு. அதே 'தேவ' குலச் சொல்லைப் பழைய ஈரானில் சரதுஷ்டிர சமயம் தீய சக்திகளுக்கு உரியதாக்கிவிட்டதைப் பார்த்தால், பிறப்பைக் கொண்டு ஒரு சொல்லின் பொருளை அறுதியிட இயலாது என்பது விளங்கும்.

தமிழ்க் கிறித்தவமும் இவ்வாறே பலமுறை சொல் மாற்றிக்கொண்டது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தன் தலைப்பிலுள்ள 'தம்பிரான்' என்னும் சொல்லை எடுத்தது; தரங்கம்பாடியில் விவிலியத்தை மொழிபெயர்த்த மறைப்பணியாளர் சீகன்பால்கு 'சருவேசுரன்' என்றார்; பின்வந்த மொழிபெயர்ப்பாளர் பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார்; 1871ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. இவை யாவும் சைவ, வைணவ வழக்கிலிருந்து பெற்றவையே. அந்தத் 'தேவன்' கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலுள்ள சீயோன் லுத்தரன் ஆலயத்தில் ஏசுவின் தந்தையைக் குறிக்க, அதே பகுதியின் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலுக்குச் செல்வோருக்கு வேறு பொருள் தருகிறது; அதற்காக எவரும் வழக்காடியதில்லை.

மலேசியாவில் மலாய்மொழியின் நிலைமை வேறு. 1629இலேயே அச்சான மலாய் மத்தேயு நற்செய்தியில் இடம்பெற்ற 'அல்லாஹ்' என்னும் சொல்லைக் கத்தோலிக்க வார இதழான 'ஹெரால்டு' தன் மலாய்ப் பகுதியில் வழங்கலாமா என்பது வழக்காகி, 2009இல் உயர்நீதிமன்றம் இசைந்தது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், மேற்கொண்டு முறையிட அனுமதி தரவில்லை. அதே இதழின் தமிழ்ப் பக்கங்களுக்கு இச்சிக்கல் எழவில்லை.

'அல்லாஹ்' என்னும் சொல் பொதுப்பெயரா, பிறர்க்கு வழங்கக்கூடாத இயற்பெயரா என்பதே உண்மையான தத்துவ வினா. இயற்பெயர் என்று கருதும் சமூகத்துக்கு அரபுக் கிறித்தவரின் தொன்மையான வழக்கை எடுத்துக்காட்டுவது மட்டும் விடையாகாது. ஆனால் நான்கு நூற்றாண்டுக்கால மலாய் வழக்கை இல்லாததாகக் கொள்வதும் ஏற்புடையதன்று. சட்டமோ எல்லைக்கோட்டைப் பார்க்கிறது: முஸ்லிம் அல்லாதார் குறித்த சில சொற்களை வழங்குவதைக் கட்டுப்படுத்தும் சிலாங்கூர் மாநிலத்தின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் அம்மாநிலத்துக் கிள்ளானில் செல்லும், கூட்டரசுப் பிரதேசத்தைச் சேர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸில் செல்லாது.