படத்தின் பின்பக்கம்

கோவளத்தில் இருக்கும் நமக்குத் தாம்பரம் தூரமில்லை. அங்கே கிறித்தவக் கல்லூரியில் படித்த மேஜர் முகுந்த் வரதராஜன், 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் வீரமரணம் அடைந்தார். 2015 குடியரசு நாளில் அவருடைய அசோக சக்ரா விருதை மனைவி பெற்றுக்கொண்டார். முகுந்தின் தாத்தாவும் ராணுவத்தில் இருந்தவர்.

படைவீரர்களில் இப்படி வீர விருது பெறாமலே ஓய்வு பெற்றவர்கள்தாம் அதிகம். கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய படத்தில் மீசையோடு நிமிர்ந்து நிற்கும் தாத்தா எந்தப் படைப்பிரிவு, எந்த எல்லையில் நின்றார் என்பது பேரனுக்குத் தெரியாது. டிரங்குப் பெட்டியில் பதக்கத்தின் நாடா நைந்து நிறம் மங்கிக் கிடக்கிறது. அது எந்தப் போருக்கானது என்று சொல்லப் பாட்டி ஒருத்திதான் மிச்சம். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளுக்கு அவசியம் நிதி கொடுங்கள்; பாட்டியிடம் இன்றைக்கே கேட்டு, படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.