எது செலவு?

விழிப்புலனற்ற பிள்ளைக்குப் பிரெயிலையும் வெண்பிரம்புடன் நடக்கும் பயிற்சியையும் ஆசிரியர் அருகிருந்தே கற்பிக்க வேண்டும். ஓர் அச்சுநூல் பிரெயிலில் பல தொகுதிகளாகிறது. தலைக்கணக்குப் பார்த்தால் தொகை பெரிதுதான். ஆனால் பார்வையுள்ள பிள்ளைகளுக்காக வகுப்பறையில் எரியும் மின்விளக்கை நாம் 'விசேட செலவு' என்று எழுதுவதில்லையே!

கைதடி நவீல்ட் பாடசாலையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அவுஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசிய ஊனமுற்றோர் காப்புறுதித் திட்டம் நடமாட்டப் பயிற்சிக்கு உதவுகிறது. ஆனால் தற்காலிக விசாவில் வாழும் அகதிப் பிள்ளைக்குப் பொதுவாக அதில் இடமில்லை. அந்தப் பிள்ளையின் செலவு யாருடையது?

தருமக் கணக்கில் எழுதினால், மிஞ்சியபோதுதான் கொடுப்போம். கடன் கணக்கில் எழுதினால் முதலில் கொடுப்போம். அடுத்த திருவிழாவுக்கு வரவுசெலவு எழுதும்போது இதை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று சிந்திப்போமாக.