அன்னம் இட்ட பிறகும் மீதி இருக்கும் தர்மம்



பசித்தவருக்கு அன்னம், உடுப்பில்லாதவருக்குத் துணி. இதை அன்புக்கொடி மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வயிறு நிறைந்த பிறகும் ராத்திரி கண் மூட முடியாமல் கிடக்கிறவருக்கு என்ன தர்மம் செய்வது?

பெருந்துறைக்குப் பக்கத்திலேயே, அறச்சலூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பவானிசாகரிலும் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பல தடவையாகப் படகேறி வந்த குடும்பங்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளுமாகத் தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் 50,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். 2021-ல் அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. வெறும் பெயர்தானே என்று தோன்றலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தும் அகதி என்றே அழைக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கடலுக்கு அந்தப்பக்கம் இன்னும் கொடுமை. 2009-ல் போர் முடிந்தபோது காணாமல் போனவர்களைக் கேட்டு, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் 2017 பிப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்தார்கள்; வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்கள். இறந்தார் என்றால் காரியம் செய்யலாம். இருக்கிறார் என்றால் காத்திருக்கலாம். இரண்டும் தெரியாமல், பொட்டு வைப்பதா அழிப்பதா என்று நிற்கிற பெண்ணிடம், "நடந்ததை மறந்துடும்மா" என்பார்கள். நல்ல மனசோடு சொல்வதுதான். அவள் காதில் அது, பிள்ளையை மறந்துவிடு என்றே விழும். இன்னும் சிலர் அரிசிப் பையை நீட்டிக்கொண்டே குண்டு விழுந்த கதையைக் கேட்பார்கள், போட்டோவும் எடுப்பார்கள். புண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுக் கொடுக்கும் அரிசி கூலிதான், தர்மம் ஆகாது.

அய்யா என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். அன்று திருவிதாங்கூரில் சான்றோர் மக்கள் பட்டது போர் அல்ல. ஆனாலும் தலைவரி, கூலியில்லா ஊழியம், மேல்துணி போடத் தடை என்று மனசைத் தலைமுறை தலைமுறையாக நசுக்கிய கொடுமை அது. அய்யா அவர்களை வரிசையில் நிறுத்திப் பொருள் கொடுத்து அனுப்பவில்லை. 700 குடும்பங்களை வாகைப்பதியில் துவையல் தவசுக்கு இருத்தினார். ஒன்றாகத் துவைத்து, ஒன்றாகக் கடலில் குளித்து, ஒன்றாக உண்டார்கள். குனிந்தே பழகிய தலையில் தலைப்பாகை கட்டச் சொன்னார். எல்லாரும் ஒரே முத்திரிக்கிணற்றில் குளித்தார்கள். தான் தாழ்ந்தவன் என்ற எண்ணம் ஒருவன் உள்ளே இருந்து போவதற்குச் சோறு மட்டும் போதாது என்று அய்யாவுக்குத் தெரிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வைத்தியம் பார்த்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறார். போர் தனி ஆளை மட்டும் உடைப்பதில்லை, உறவையும் ஊரையும் நம்பிக்கையையும் சேர்த்து உடைக்கிறது என்கிறார். அதனால் மருந்தோடு, சடங்கும் திருவிழாவும் கூடி அழுவதும் வேண்டும் என்கிறார். ஈழத்தில் ஆலோசனை சொல்வதற்கே 'ஆற்றுப்படுத்தல்' என்று பெயர்.  அதற்கு நேரம் பிடிக்கும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

1984-ல் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம் மக்களையே இந்த வேலைக்குப் பழக்கியது. 2004-ல் சுனாமி வந்தபோது அவர்களில் பலர் நம் கடலோர மீனவக் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்லப் போனார்கள். எல்லாம் இழந்தவர் முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

தாங்கல்களில் இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. முகாமுக்கு அன்னதானம் கொண்டுபோவது இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்புக்கு அந்தக் குடும்பங்களை அழைக்கலாம். பழைய கதை எதுவும் கேட்காமல் இருக்கலாம். அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேட்கலாம். உம்பான் தர்மத்துக்கு அரிசி களையவும் பரிமாறவும் அந்தப் பெண்கள் முன்வந்தால், "நீங்க விருந்தாளி, உட்காருங்கம்மா" என்று தடுக்காமல், கரண்டியை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.