பிறர்க்காக எழுதும் விண்ணப்பம்

கச்சேரி வாசலில் சிறு மேசை போட்டுப் பெட்டிசம் எழுதிக் கொடுப்பவரை மலையகத்தார் நன்கறிவர். கொழுந்தெடுக்கும் தாயொருத்தி தன் குறையை அரை மணி நேரம் சொல்வாள்; அவர் அதனை ஒரே பக்கத்தில் அடக்கிவிடுவார். எந்தச் சொல் துரையைத் தைக்கும், எந்தச் சொல்லுக்கு அதிகாரி செவிசாய்ப்பார் என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கே அவருக்குக் கூலி. குறை அவளுடையது, சொல் அவருடையது, அடியில் விழுவதோ அவளுடைய கைநாட்டு.

இதே தொழில் இன்று பல்கலைக்கழகங்களிலும் நடைபெறுகின்றது. இலங்கை தன் தேசிய உற்பத்தியில் ஆராய்ச்சிக்கென ஒதுக்குவது நூற்றுக்கு ஏறத்தாழ 0.1 பங்கே. பந்தி சிறிது, இலைக்குக் காத்திருப்போர் பலர். தேசிய விஞ்ஞான மன்றம் போன்ற நிறுவனங்களின் கொடையைப் பெற ஆராய்ச்சியாளர் போட்டியிட்டாக வேண்டும். கேள்வி யாது, முன்னோர் கண்டது எவ்வளவு, முறை என்ன, காலம் எவ்வளவு, செலவு எவ்வளவு, பயன் யாருக்கு என்பனவற்றையெல்லாம் குறித்த பக்கங்களுள், பெரும்பாலும் ஆங்கிலத்தில், எழுதித் தரவேண்டும். 2005இல் பதுளையில் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளரும், பல தலைமுறைப் பழக்கமுள்ள கொழும்பு, பேராதனைப் பேராசிரியரும் ஒரே களத்தில் நிற்கின்றனர். எழுதத் தெரிந்த ஒருவர் அந்த இளைஞருக்குத் துணை நின்றால் அது உதவியா, மோசடியா?

மோசடியே என்பாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. நடுவர் மதிப்பிடுவது விண்ணப்பத்தை. அதன் தெளிவு இரவல் தெளிவாயின், மதிப்பீடும் பிழைபடுகின்றது. அன்றியும், ஒரு கேள்வியைத் தெளிவாகச் சொல்ல இயலாதவர் அதனைத் தெளிவாகச் சிந்தித்திருப்பாரா? சிந்தனையும் மொழியும் உடலும் உடையும் போன்றவையல்ல. உடலும் தோலும் போன்றவை.

ஆயினும் இவ்வாதம் ஒன்றை மறந்துவிடுகின்றது. போட்டி தொடங்குமுன்னரே கேட்கும் கலை சிலருக்குப் பரம்பரைச் சொத்தாக வாய்த்திருந்தது. இம்மலைகளின் வரலாறே இதற்குச் சான்று.

1869இல் இலங்கைக் கோப்பிச் செடியில் இலைத்துரு நோய் கண்டது. தோட்டத் துரைமாருக்கு 1854 முதலே சங்கம் இருந்தது. தேசாதிபதியின் காதை எட்டும் மொழியும் இருந்தது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து வந்து, இரண்டாண்டுகள் அந்நோயை ஆராய்ந்தார். அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்த கூலித் தொழிலாளர் காய்ச்சலாலும் கழிச்சலாலும் வழிநெடுக மடிந்தனர். அவர்கள் பொருட்டு விஞ்ஞானி ஒருவரைத் தருவிக்கும்படி விண்ணப்பம் எழுத அவர்களிடம் சங்கமும் இல்லை, எழுத்தும் இல்லை. இலையின் நோய்க்குக் கேட்பாருண்டு; ஆளின் நோய்க்குக் கேட்பாரில்லை. விஞ்ஞானம் கருணையற்றது என்பதன்று இதன் பொருள். கேட்கப்பட்ட கேள்விக்கே அது விடை தேடும்.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அதன் செலவைத் தாங்கியது தேயிலை மீது விதித்த தீர்வை. அப்படியாயின், அப்புத்தளைத் தம்பேதன்னைச் சரிவில் கூடை சுமந்த பெண்ணின் விரல்நுனியும் அந்த ஆராய்ச்சிக்குப் பங்களித்தது அன்றோ? 1946இல் கொப்புள நோய் இந்நாட்டுத் தேயிலையைத் தாக்கியபோது, நிலையத்தின் அறிவு செடியையும், செடியை நம்பிய வயிறுகளையும் காத்தது. அதனை நாம் மறக்கவில்லை. ஆனால் எதை ஆராயலாம் என்று கூடிப் பேசிய மேசையில் கூடை சுமந்தவளுக்கு நாற்காலி இருக்கவில்லை.

ஆகவே, கேட்கத் தெரியாதவருக்குக் கேட்கக் கற்பிப்பது நீதியே. அதனை மோசடி என்போர், முன்னமே நிகழ்ந்துவிட்ட அநீதியைத் தகுதி என்று பெயரிட்டு வணங்குகின்றனர். எனினும் எத்தகைய உதவி என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

இல்லாத திறமையை இருப்பதாகவும், ஐயத்தை உறுதியாகவும், சிறு பயனைப் பெரும் பயனாகவும் எழுதிக் கொடுப்பது உதவியன்று, கள்ளச் சாட்சி. இன்று கணினியே நொடிப்பொழுதில் சொல்லை அடுக்கித் தருகின்றது, அலங்காரம் மலிந்துவிட்டது. மலியாதது கேள்வி. "இதை எப்படி அறிந்தீர்? முறை பிழைத்தால் என்ன செய்வீர்? ஈராண்டில் முடியுமா? இதனால் யாருக்கு என்ன?" என்று விடாது வினவுபவரே உண்மையான துணைவர். அவர் எழுதுகோலைப் பிடுங்குவதில்லை. எழுதுபவர் தாமே தம் எண்ணத்தைக் கண்டுகொள்ளும்வரை கூட இருக்கின்றார். அத்தகைய உதவியை மறைக்கவும் வேண்டியதில்லை. நடுவருக்கு முன்னால் வெளிப்படையாகச் சொல்லலாம்.

"யாருக்கு என்ன?" என்ற கடைசி வினாவே கடினமானது. "இதனால் மக்கள் பயனடைவர்" என்ற வாக்கியம் இல்லாத விண்ணப்பம் அரிது. அந்த வாக்கியத்தை எடைபோட விரும்புவோர், அப்புத்தளையிலிருந்து பேரகலை வழியாகக் கீழிறங்கிக் கொஸ்லந்தைக்குச் செல்லட்டும். அங்கே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்நிலம் அபாயமானது என்பது அறியப்படாத செய்தியன்று. தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆராய்ச்சி இருந்தது, எச்சரிக்கை இருந்தது, லயத்தில் மக்களும் இருந்தனர்.

ஆராய்ச்சியாளர்மீது இப்பழியைச் சுமத்துவது தகாது. வீடும் நிலமும் தரும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஆனால் இப்பாடத்தை விண்ணப்பம் எழுதுவோர் மறக்கலாகாது. செலவுப் பட்டியலில் கருவிக்குத் தொகை குறிக்கின்றோம்; பிரயாணத்துக்கும் கருத்தரங்குக்கும் குறிக்கின்றோம். கண்ட உண்மையைத் தமிழிலும் சிங்களத்திலும் லயத்து வாசலுக்கு எடுத்துச் செல்ல ஒரு வரி குறித்தோமா? அந்த வரியை எழுதும்படி வற்புறுத்துவது, நூறு அழகிய வாக்கியங்களைத் திருத்துவதினும் மேலான உதவி.

இவ்வளவும் செய்தாலும் ஒரு குறை தீராது. நிதி பெருகாதவரை, நாம் கைதூக்கிவிடும் ஒருவர் வேறொருவரைக் கீழே தள்ளியே ஏறுகின்றார். எனவே ஏணிக்கு உதவுவது போதாது, வாயிலையும் திருத்தவேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய விண்ணப்பங்களுக்கும் இடம் வேண்டும். கூலி கொடுக்க வல்லவருக்கு மட்டும் கிடைக்கும் துணை, யாவர்க்கும் பொதுவான பயிற்சியாக வேண்டும். தகுதியில் சமமான பல விண்ணப்பங்களுள் ஒன்றைத் தெரிவது நடுவரின் நுண்ணறிவா, விருப்பு வெறுப்பா என்ற ஐயமும் உண்டு. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிச் சபை 2013இல் ஒருவகைக் கொடைக்குத் தகுதியைச் சோதித்தபின் சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்யத் தொடங்கியது. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவருக்கு இது புதுமையன்று. அங்கும் முதலில் தகுதி; பின்னரே குடவோலை. அந்தத் தகுதி விதிகள் பலரை வெளியே நிறுத்தின என்பதையும் நாம் அறிவோம். ஆகையால் குடத்தைக் காட்டிலும், குடத்துக்குள் யார் பெயர் சேரும் என்பதே பெரிய வினா.

பெட்டிசம் எழுதுவோருள்ளும் நல்லவருண்டு. அவர் கைநாட்டு வாங்குமுன், எழுதியதை அவளுக்கு உரத்து வாசித்துக் காட்டுவார், "நீ சொன்னது இதுதானா, அம்மா?" என்று கேட்பார். அவள் இல்லையென்றால் தாளைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதுவார். அந்த நேர்மையே நமக்கு அளவுகோல். ஆசிரியருக்கும் மாணவருக்கும் அதற்கு அப்பாலும் ஒரு கடமை உண்டு. அவளுடைய மகள் தன் கேள்வியைத் தானே எழுதும் நாளைக் கொண்டுவருவதே அது. அந்நாளில் நம் மேசை காலியாகும். அதற்காக நாம் வருந்த வேண்டியதில்லை.